கஷ்டம் ஒன்றும் இல்லை

தமயந்திக்கு ஒரு குறையும் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த கூத்து அத்தனைக்கும் அந்தக் குறையில்லாத வாழ்க்கைதான் காரணம்.

திருத்தணி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கே.ஜி.கண்டிகை. ஊரை ஒட்டினாற்போல் அவர்களுக்குக் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற அளவுக்கு நிலம், வற்றாத கிணறு, கொட்டகையில் மூன்று கறவை மாடு, ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு மெத்தைத் தளம் போட்ட வீடு. புருஷன் டில்லிபாபு குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சோற்றில் உப்பு குறைந்தால்கூட ஒரு முறைதான் சொல்லுவான். அவன் அவளுக்குச் சொந்த அத்தை மகன். பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த நாளில் பாவா என்று கூப்பிட்டவள், கல்யாணம் ஆன பிறகும் பாவா என்றே கூப்பிடுகிறாள். ஒரே மகள் பானுப்ரியா திருவள்ளூர் பக்கம் ஒரு காலேஜில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருக்கிறாள். இப்படிப்பட்ட ஒருத்தி, நாற்பது வயது தாண்டிய பிறகு, வேலைக்குப் போக வேண்டும் என்று கிளம்பினால் ஊர் என்ன கேட்கும்? உனக்கென்ன தலையெழுத்து என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் தமயந்தி மாட்டிக்கொண்டாள்.

பதில் தெரியாது என்பதும் சரியில்லை. பதில் இருந்தது. வாயில் வரவில்லை.

அவள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். திருத்தணியில்தான் காலேஜ். மூன்றாம் வருஷம் லேபில் அவளுக்கு என்று ஜன்னலோரம் ஒரு இடம் இருந்தது. கண்ணாடிக் குழாயில் காரத்தை நிரப்பி, கீழே குடுவையில் அமிலத்தை வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வர வேண்டும். இடது கை குழாயைத் திருகும், வலது கை குடுவையை மெதுவாகச் சுற்றும். விழுகிற இடத்தில் ரோஜா நிறம் தோன்றி மறையும், தோன்றி மறையும். ஏதோ ஒரு சொட்டில் மறையாமல் நின்றுவிடும். அந்தச் சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூட இருந்த பெண்கள் சினிமாவைப் பற்றியும் மாப்பிள்ளைகளைப் பற்றியும் பேசிக்கொண்டு குடுவை முழுக்க ரத்தச் சிவப்பாக்கி வைத்திருப்பார்கள். தமயந்தியின் குடுவை மட்டும் வெளிர் நிறத்தில் நிற்கும். கடைசி பிராக்டிகல் முடிந்த அந்த வைகாசியிலேயே கல்யாணம். கல்யாணத்துக்கு அவள் அழவில்லை. வெள்ளைக் கோட்டைத் துவைத்து மடித்து அம்மா வீட்டு பீரோவில் வைத்தபோது அழுதாள். பெண் புருஷன் வீடு போகிற துக்கம் என்று எல்லோரும் தேற்றினார்கள்.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மாடு, கழனி, பிள்ளை, கடைசி மூன்று வருஷம் படுக்கையில் கிடந்த மாமனார். வீட்டுக்கு யாராவது புதுப் பெண்ணோ புதுக் குழந்தையோ வந்தால் ஆரத்தி கரைக்கிற வேலையை மட்டும் தமயந்தி யாருக்கும் விடமாட்டாள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டதும் தட்டு சிவக்கிற அந்த ஒரு நொடிக்காக. இது என்ன என்று அவளுக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும். யாரிடம் சொல்வது? தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

போன பங்குனியில் மாமனார் போய்ச் சேர்ந்தார். வீட்டில் ஆள் இல்லை. காலை வேலை முடிந்தால் மத்தியானம் வரைக்கும் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கைக்குப் பழைய ஞாபகமெல்லாம் வரும். அந்தச் சமயம் பார்த்துத்தான் பொன்பாடி போகிற ரோட்டில் ஒரு தனியார் பால் கம்பெனி புதிதாக லேப் திறந்தது. சுற்றுப்பட்டு ஊர்களின் பாலெல்லாம் கேனில் வந்து இறங்கி, பரிசோதனை ஆகித்தான் உள்ளே போகும். கண்டிகையில் அந்தக் கம்பெனிக்குப் பால் சென்டர் வைத்திருப்பவன் வீரபத்திரன். அவன் சென்டர் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: லேப் வேலைக்கு ஆள் தேவை, பி.எஸ்சி. வேதியியல், பெண்களும் விண்ணப்பிக்கலாம். தமயந்தி பாலை ஊற்றிவிட்டு அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். காலி தூக்கை அங்கேயே மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

டில்லிபாபுவிடம் சொன்னபோது முதல் பொய் வந்தது. பானுவின் படிப்புக்கு ஒத்தாசையாக இருக்கும், அதனால் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். கரும்பு வெட்டின காசில் அந்த வருஷத்து ஃபீஸ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். டில்லிபாபு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சரி, போ என்றான். ஏன் என்று கேட்கவில்லை. அவன் சுபாவமே அப்படி. கேள்வி கேட்காத புருஷன் கிடைப்பது கொடுப்பினை என்று ஊரில் சொல்வார்கள். கொடுப்பினைதான், இல்லையென்று யார் சொன்னது?

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை மலைக்குப் போனாள். மாடு நல்லபடியாக ஈன வேண்டும், மகள் பாஸாக வேண்டும், மாமனாருக்கு ரொம்ப இழுபறி இல்லாமல் முடிவு வர வேண்டும் என்று அந்த முருகனிடம் அவள் கேட்காதது இல்லை. அவனும் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறான். அன்றைக்குத் தனக்கென்று கேட்க நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். கண்ணை மூடியவளுக்கு வார்த்தை வரவில்லை. சாமிக்கு முன்னால்கூட வெட்கமாக இருந்தது. எல்லாரும் நல்லா இருக்கணும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, விபூதியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பானுப்ரியாவுக்கு ஒரே குஷி. தினமும் சாயங்காலம் ஹாஸ்டலில் இருந்து போன் போட்டு அம்மாவுக்கு டிரெய்னிங் கொடுத்தாள். இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்களாம், அதற்கென்று காலேஜில் ஒரு பதிலே சொல்லித் தருகிறார்களாம். உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியில் நானும் ஓர் அங்கமாகி என் திறமைகளை மேம்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். தமயந்தி அதை அடுப்படியில் நின்று ஒப்பித்துப் பார்த்தாள். கட்சிக்காரர்கள் வைக்கிற பேனரைப் படிப்பது போல் இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. போனில் மகளும் சிரித்தாள். அப்புறம், அப்ப உனக்கு நெஜமா ஏம்மா போகணும் என்று பானு விளையாட்டாகக் கேட்டாள். பால் பொங்குது, வைக்கிறேன் என்று தமயந்தி போனை வைத்துவிட்டாள். அடுப்பில் பாலே இல்லை.

கம்பெனி வாசலில் ஒரு பெஞ்சு. அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி மணவூர், ஒருத்தி ஆர்.கே.பேட்டை. இருவரும் சின்னப் பெண்கள், படிப்பு முடித்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருக்கும். பேச்சுவாக்கில் மணவூர்ப் பெண் ஒரு யோசனை சொன்னாள். உள்ளே என்ன கேட்டாலும் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிவிட வேண்டுமாம், அப்போதுதான் மனசு இரங்கும். அவளுக்கு அப்பா இல்லை, தம்பி படிக்கிறான். இன்னொருத்திக்கு அப்பா இருக்கிறார், தறிப் பட்டறை மூடிவிட்டது. உங்க வீட்டுல இன்னா கஷ்டங்க்கா என்று இருவரும் தமயந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்லவே முடியாது. நம் பக்கம் யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கஷ்டத்தைச் சொல்லித்தான் கேட்கிறோம். தாலுகா ஆபீஸ் ஆனாலும் சரி, ஆஸ்பத்திரி ஆனாலும் சரி, காலேஜ் சீட் ஆனாலும் சரி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால்தான் வேலை நடக்கும். ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டால் அதற்குப் பெயர் திமிர். பெண்பிள்ளை கேட்டால் இன்னும் என்னென்னவோ பெயர். தமயந்தி கையில் இருந்த சர்ட்டிபிகேட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன்னிடம் கஷ்டமே இல்லையே என்று அவளுக்கு உதறல் எடுத்துவிட்டது.

லேபுக்குப் பொறுப்பாளர் சிவப்பிரகாசம் என்பவர். அரைக்கைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, அவசரமில்லாத பேச்சு. பாடத்தில் நாலைந்து கேள்வி கேட்டார். மகளுடைய பழைய புத்தகங்களை வைத்துப் படித்துவிட்டுப் போயிருந்ததால் பாதிக்கு நன்றாகவே சொன்னாள், பாதியில் தடுமாறினாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்புறம் அவளுடைய சர்ட்டிபிகேட்டில் வருஷத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சு இந்த வேலைக்கு வரணும்னு உங்களுக்கு ஏன் தோணுச்சு? மனப்பாடம் பண்ணது வேணாம். உங்க வார்த்தையில சொல்லுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் விளையாட்டில்லாமல் அவளிடம் இதைக் கேட்கிறார். ஜன்னலோரம், கண்ணாடிக் குழாய், நிறம் நிற்கப்போகிற அந்தச் சொட்டு, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆம்பிளையிடம், நாற்பது வயதுக்கு மேல், எனக்கு ஆசையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயைத் திறந்தாள்.

"வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலைங்க. படுத்த படுக்கையா இருக்காரு."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. சிவப்பிரகாசம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்ன ஆச்சு என்று பரிவாகக் கேட்டார். வாய் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தது. மூன்று வருஷம் மாமனாரைப் பார்த்தவள் ஆயிற்றே, தண்ணீர் மெத்தை, முதுகுப் புண், கரண்டியில் ஊட்டுகிற கஞ்சி எதற்கும் அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பொய்யில் ஒரு சொல்கூட இடறவில்லை. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். சொல்லி அனுப்புகிறோம் என்றார். வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான், உயிரோடு திடமாக இருக்கிற மனுஷனைப் படுக்கையில் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது. கண்டிகையில் இறங்கியதும் பிள்ளையார் கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளையார் மன்னித்திருப்பார். வீரபத்திரன் விடவில்லை. தெரிந்தவர் யார் என்ற இடத்தில் அவன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். மறுநாள் அவள் பாலை ஊற்றிவிட்டுப் போன பிறகு கம்பெனியில் இருந்து அவனைக் கூப்பிட்டு, பாவம் அந்தம்மா வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்திருக்கிறார்கள். முந்தின நாள் காலையில்தான் டில்லிபாபுவை டீக்கடையில் பார்த்தவன் வீரபத்திரன். வேறு ஒருவனாக இருந்தால் இதில் ஏதோ பிசகு இருக்கிறது என்று நினைத்திருப்பான். இவன், காலையில் நன்றாக இருந்த மனுஷனுக்குச் சாயங்காலத்துக்குள் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டினான். பால் ஊற்ற வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். பால் வண்டி டிரைவர் அதை ஆர்.கே.பேட்டை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே டில்லிபாபுவின் அக்கா சின்னம்மாள் இருக்கிறாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு சின்னம்மாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட்டும், இன்னொரு கையில் சாத்துக்குடிப் பை. தெரு முனையிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவளோடு வழியில் சேர்ந்துகொண்டவர்கள் நாலைந்து பேர். டில்லிபாபு அந்த நேரத்தில் மெத்தை மேல் தண்ணீர் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். கையில் துடைப்பத்தோடு, யாருக்கு இன்னா ஆச்சுக்கா என்று மேலேயிருந்து கேட்டான். சின்னம்மாள் அழுகையை நடுவில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். உனக்குத்தான் என்றாள்.

உள்ளே இருந்து வந்த தமயந்திக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் நின்று, நான்தான் கம்பெனியில் அப்படிச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டாள். சின்னம்மாள் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். தாலி கட்டினவனைப் பாடையில் ஏற்றாத குறையாகச் சொல்லிவிட்டு எந்தச் சம்பளத்தை வாங்கித் தின்னப் போகிறாய் என்பதுதான் அதன் சாரம். கூட வந்தவர்களுக்கு அதைவிட ருசியான சந்தேகம் ஒன்று வந்தது. நிலத்தில் ஏதோ சிக்கல் போல, வெளியே சொல்லாமல் பெண்டாட்டியை வேலைக்கு அனுப்புகிறான் என்று கிசுகிசுத்துக்கொண்டே போனார்கள். அது டில்லிபாபு காதிலும் விழுந்தது. அவன் அக்காவை பைக்கில் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

பொழுது சாய்கிற நேரம், தமயந்தி கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். அவன் வந்து கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு மாட்டின் வயிறு மட்டும்தான் தெரிந்தது. அவன் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"பானு ஃபீஸுக்குனு என்கிட்ட சொன்ன. எனக்கு முடியலன்னு அங்க சொல்லியிருக்கற. ரெண்டும் இல்ல. இந்த வீட்டுல உனக்கு எதுனா நான் கொற வச்சிகினு இருக்கறனா?"

"இல்ல பாவா."

"அப்பால எதுக்கு?"

இருபது வருஷத்துக்கு மேல் அவன் கேட்காத கேள்வி. அவள் கறப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் என்று பயந்தாள்.

"காலேஜ்ல ஒரு லேப் இருந்துச்சு. சொட்டுச் சொட்டா மருந்து வுடணும். ஒரு சொட்டுல கலர் நின்னுடும். நான் செஞ்சது சரியா தப்பான்னு அந்தக் கலர் சொல்லிடும் பாவா. வேற யாரும் சொல்லத் தேவையில்ல. இங்க நான் இன்னா செஞ்சாலும் அது சரின்னு யாரோ ஒருத்தர் வாயால வரணும். உங்க நைனா சொல்லணும், அக்கா சொல்லணும், ஊரு சொல்லணும். எனக்கு அந்த ரூம்ல நிக்கணும்னு இருக்குது. காசுக்கு இல்ல. எனக்கோசரம்."

கன்று இழுத்தது. அவன் கயிற்றைத் தளர்த்தவில்லை.

"அப்போ கஷ்டம் இல்ல."

"இல்ல."

"ஆசை."

"ஆங்."

அவன் கன்றை அருகே இழுத்துப் பிடித்தான். கோபமா, வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், இத்தனை வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். சொன்னால் அனுப்ப மாட்டேன் என்று பயந்தாயா என்றும் கேட்டான். அதெல்லாம் இல்லை, கேட்டிருந்தால் அனுப்பியிருப்பாய் என்று தெரியும், கேட்கத்தான் கூச்சமாக இருந்தது என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள், மாடு திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. டில்லிபாபு கன்றைக் கட்டிவிட்டு வந்து பால் வாளியை அவள் கையில் இருந்து வாங்கிக்கொண்டான். காலையில் கம்பெனிக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றான்.

மறுநாள் சிவப்பிரகாசத்தின் மேஜைக்கு முன்னால் டில்லிபாபு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். தான் படுக்கையில் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்பது அவன் எண்ணம். அவர் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தமயந்தியைப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னாள். கொட்டகையில் சொன்னதை மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை.

சிவப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நேத்தே வேற ஒருத்தருக்கு ஆர்டர் கொடுத்தாச்சும்மா. நான் அன்னைக்கு கேட்டது இதைத்தான். மூணு பேருமே வீட்டு கஷ்டத்தைச் சொன்னீங்க. யார் கஷ்டம் பெருசுன்னு நான் எதை வச்சு அளக்கறது? விடியறதுக்கு முன்னாடி வர வேண்டிய ஷிஃப்டு இது. படுக்கையில ஆள் இருக்கற வீட்டுலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட எனக்கு மனசு வரலை."

இரக்கப்பட்டுத்தான் அவர் வேலை கொடுக்கவில்லை. இதைக் கேட்டதும் தமயந்திக்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. தன் நாக்கைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ஷிஃப்டு போடுகிற யோசனை இருக்கிறது, தை மாசத்துக்கு மேல் பார்க்கலாம், நிச்சயம் என்று சொல்ல முடியாது என்றார். அவர் பொய் சொல்கிறவராகவும் தெரியவில்லை, வாக்குக் கொடுக்கிறவராகவும் தெரியவில்லை.

வெளியே வருகிற வழியில் லேபின் கண்ணாடிக் கதவு. உள்ளே மணவூர்ப் பெண், அளவு பெரிதான வெள்ளைக் கோட்டில், குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சுற்றுகிற வேகம் கொஞ்சம் அதிகம். போகப் போகப் பழகிவிடும். தமயந்தியின் வலது கை தன்னையறியாமல் மெல்ல வட்டம் போட்டது. டில்லிபாபு அதைப் பார்த்தான். பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல், அவளாகத் திரும்பி வருகிற வரைக்கும் நின்றிருந்தான்.

அடுத்த நாள் காலையில் பால் தூக்கை அவனே எடுத்துக்கொண்டு சென்டருக்குக் கிளம்பினான். அவளையும் கூப்பிட்டான். வழக்கமாக அவள் மட்டும் போகிற வேலை அது. சென்டரில் பத்துப் பதினைந்து பேர். எல்லோர் கண்ணும் டில்லிபாபு மேல். வீரபத்திரன் அசடு வழிந்துகொண்டு, தப்பா நெனச்சிக்காதண்ணே என்று ஆரம்பித்தான். அவனுக்கு நாக்கு சும்மா இருக்குமா? அடுத்த மூச்சிலேயே, வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டான்.

"ஆனா வீட்டுல இன்னா கஷ்டம்ணே, அண்ணிய வேலைக்கு அனுப்பற அளவுக்கு?"

தமயந்தி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் படிப்பு, மாட்டுத் தீவனம், கரும்புக்கு விலை இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லி அவன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வான் என்று நினைத்தாள். சொன்னால் சரிதான், அவன் மேல் தப்பில்லை.

"கஷ்டம் ஒண்ணியும் இல்லப்பா" என்றான் டில்லிபாபு, பாலை ஊற்றிக்கொண்டே. "அவளுக்கு அந்த வேலை மேல ஆசை. அதான் போறேன்றா."

வரிசையில் பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். சிரிப்பில் சேர்ந்துகொள்ள ஆள் கிடைக்காமல் அவனே நிறுத்திக்கொண்டான். வீரபத்திரன் அளவு பார்த்து, கொழுப்பைப் பார்த்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. கேன்களை ஏற்றிக்கொண்டு பொன்பாடி ரோட்டில் திரும்பியது. அவள் கறந்த பால் அந்த லேபுக்குப் போகிறது. அவள் கண்டிகை ரோட்டில் நிற்கிறாள். இத்தனை மாதமாகத் தினமும் நடப்பதுதான். இன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

திரும்பி நடக்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். டில்லிபாபு காலி தூக்கோடு பக்கத்தில் நடந்துகொண்டே, ஊருக்கு முன்னால் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டான்.

"அது இல்ல பாவா. சொல்லாத வரைக்கும் இவ்ளோ வலிக்கல."

கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டார்கள். அவன் தேற்றத் தெரிந்தவன் இல்லை. கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"தைக்கு அப்பாலயும் அவரு இல்லன்னுட்டா?"

தமயந்தி துண்டில் முகத்தைத் துடைத்தாள்.

"மறுபடியும் போயி கேப்பேன்" என்றாள்.